ஒரே சட்டிச் சோத்துக்கு ரெண்டு காவல்

தம்பி, வாட்ஸ்அப் குறூப்ப விட்டு நீ வெளியேறின சங்கதி எனக்கு வெள்ளாப்புலேயே வந்து சேர்ந்திட்டு. மருதமுனையில நூல் அறுந்தா கல்முனைக்குடியில சத்தம் கேக்கிற ஊர் இது. ஒரு மனிசன் குறூப்ப விட்டுப் போறது கேக்காம இரிக்குமா? ஏன் போனாய் எண்டு கேட்டதுக்கு, "இருதயத்தக் காத்துக்கொள்றன் காக்கா" எண்டு குரல் செய்தி அனுப்பினாய். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டன். பின்னால பாண் ஓட்டோட பாட்டும் கேட்டிச்சு. காவலுக்கு நிண்டவன் பாண் ஓட்டோவப் போகவிட்டானா, மறிச்சு மாலுபாண் வாங்கினானா எண்டுதான் விளங்கல்ல.

காக்கா எண்டு ஒன்ட அப்பாவும் என்னக் கூப்புட்டான், நீயும் கூப்புடுறாய், நாளைக்கு ஒனக்குப் புள்ள பிறந்தா அதுவும் அப்படித்தான் கூப்புடும். ஒங்கட வீட்டில எனக்கு மட்டும் வயசே போகல்ல. அந்த உரிமையிலதான் எழுதுறன். கோவம் வந்தா வரட்டும். மனசு இன்னும் உசிரோட இரிக்கி எண்டு அறிஞ்சுகொள்ளலாம்.

ஒன்ட காவல் ஏற்பாடு என்னென்ன எண்டு விசாரிச்சன். சினிமாப் பாட்டு நிப்பாட்டியாச்சு. நல்லது, ஒன்ட குரலுக்கு அது ஊருக்கே செஞ்ச உபகாரம். கிரிக்கெட் பாக்கிறல்ல. நம்மட ஆக்கள் விளையாடுற விளையாட்டுக்கு அத விட வேதம் தேவையில்ல, வெக்கம் போதும். பழைய கூட்டாளிமாரோட கடற்கரையில குந்துறல்ல. இதெல்லாம் ஒன்ட இஷ்டம். ஆனா நோன்புப் பெருநாளைக்கு என்ட வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தக் கேற்றடியில வெச்சே திருப்பி அனுப்பினியே, "மனசு புதுசாகியிட்டு" எண்டு! மனசு புதுசாகினா வயிறுமா வேற மார்க்கத்துக்குப் போகும்? படைச்ச சாப்பாடோ எண்டு பயந்தாயாம். தம்பி, அந்த வட்டிலப்பம் கித்துள் கருப்பட்டிக்கும் என்ட மனிசிட கைக்கும் மட்டும்தான் கடன்பட்டது. வேற ஒருத்தருக்கும் படைக்கல்ல.

இனி மற்றக் கதையக் கேள். நான் மகள்ர வீட்டில இரிக்கன். எங்கட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே. அங்க என்ட பேரன் ஒருத்தன் இரிக்கான், ஒன்ட வயசு. கட்டாருக்குப் போகக்குள்ள சாறனோட போனவன், வரக்குள்ள காவலோட வந்தான். கடற்கரைப்பள்ளியில நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாட பேரில வருசா வருசம் கொடி ஏறுதே, அந்தக் கொடியடிக்குச் சின்னப்புள்ளையில என்ட தோளில குந்திப் போனவன் அவன். ஒன்ட அப்பாட தோளில நீயும் வந்தாய், பலூன் கேட்டு அழுதாய். இப்ப கந்தூரிச் சோறு வீட்டுக்கு வந்தா அவன் ஷிர்க், இணை வெக்கிறது எண்டு அங்கால போறான். நீ படையல் எண்டு இஞ்சால போறாய். ஒருத்தன் மார்க்கத்த மற்றவன் வழிகேடு எண்டு சொல்லிக்கொண்டே, ரெண்டு பேரும் ஒரே சட்டிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு காவல் காக்கிறயள். சோறுதான் பாவம், ஆறிப் போச்சு. கடைசியில திண்டது நானும் பூனையும்.

என்னடா, சோனகக் கிழவன் நமக்கு வேதம் படிப்பிக்க வாறானே எண்டு நினைக்காத. நானும் ஒன்ட அப்பாவும் ஒரே வாங்கில படிச்சது கல்முனை வெஸ்லியில. வேதபாடம் நடக்கக்குள்ள சோனகப் பொடியன்மார் வெளிய போகலாம் எண்டு சொல்லுவாங்க. நான் போகல்ல. பக்தியில இல்ல, வெளிய வெயில். காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகளும் சின்ன வயசில கல்முனை மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில படிச்சவர்தான். அவர் சைவத்த விட்டா போனார்? துறவியா வந்து ராமகிருஷ்ண மிஷன்ல சேர்ந்தார். அடுத்தவன்ட பாடத்தக் கேட்டு அவர் கெட்டுப்போகல்ல, நானும் கெட்டுப்போகல்ல. நான் கொஞ்சம் கெட்டது வேற இடத்தில.

நீ ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கிற வசனம் நீதிமொழிகள் நாலாம் அதிகாரம். ஒனக்கு அது சாலொமோன், எனக்கு சுலைமான் நபி. இருதயத்தக் காத்துக்கொள் எண்டதோட நீ நிப்பாட்டிப் படம் போட்டுட்டாய். அதுக்குக் காரணமும் அந்த இடத்திலயே அவர் சொல்றார் எல்லோ? சீவன்ட ஊத்து அங்கயிருந்துதான் வெளிய வருது எண்டு. வெளிய வாறதுக்குத்தான் காவல். நீ தண்ணி ஒரு சொட்டும் வெளிய போகாத மாதிரி வாயில சீமெந்து பூசிப்போட்டு, ஊத்தக் காத்திட்டன் எண்டு நிக்கிறாய்.

சாப்பாட்டுக் கதைக்கு ஒன்ட புத்தகத்திலயே தீர்ப்பு இரிக்கி. மாற்கு ஏழாம் அதிகாரம். கை கழுவாமத் திண்டானுகள் எண்டு சண்டைக்கு வந்தவங்களுக்கு ஈசா நபி என்ன சொன்னார்? வாய்க்குள்ள போறது மனிசனக் கெடுக்காது, அது வயித்துக்குப் போய் வெளிய போயிடும். உள்ளுக்கிருந்து வாறதுதான் கெடுக்கும் எண்டு. வட்டிலப்பம் உள்ளுக்குப் போற சாதி. "அவனுகளோட என்ன சாப்பாடு" எண்டது உள்ளுக்கிருந்து வாற சாதி. நீ எதுக்குக் கேற்றப் பூட்டினாய், எத ரோட்டில அவிட்டு விட்டாய்?

மத்தேயுவில இன்னொரு கதை. கெட்ட ஆவி ஒண்டு ஒரு மனிசன விட்டுப் போகுது. சுத்தித் திரிஞ்சிட்டு வந்து பாத்தா, வீடு கூட்டிப் பெருக்கி, சோடிச்சு, வெறுமையாக் கிடக்கு. போய்த் தன்ன விடக் கெட்ட ஏழு பேரக் கூட்டிக்கொண்டு குடிவந்திட்டு. நான் பின் வாங்கில இருந்து கேட்டு, ராவெல்லாம் பயந்த கதை இது. ஒன்ட வீட்டையும் கூட்டிப் பெருக்கியாச்சு: பாட்டு இல்ல, கிரிக்கெட் இல்ல, கூட்டாளி இல்ல. இப்ப உள்ளுக்கு யார் இரிக்கிறது? ஃபோன் கையில அப்படியே இரிக்கி. ராவு ரெண்டு மணிக்கும் ஒன்ட பேருக்குப் பக்கத்தில பச்சைப் புள்ளி எரியுது. என்ன பாக்கிறாய் எண்டு ஒன்ட தங்கச்சிக்கிட்டக் கேட்டன். மற்றப் பாஸ்டரக் கள்ளப் போதகன் எண்டு திட்டுற பாஸ்டரட வீடியோவாம். என்ட பேரன் அதே நேரம் மேல் வீட்டில முழிச்சிருந்து பாக்கிறது மற்ற மௌலவிய வழிகேடன் எண்டு திட்டுற மௌலவிட வீடியோ. சத்தத்தக் குறைச்சுப்போட்டு முகத்த மட்டும் பாத்தா ரெண்டும் ஒரே ஆள்தான். சினிமாப் பாட்டு மூண்டு நிமிசத்தில முடிஞ்சு போற ஆவி. இது ஒண்டு முடிய அடுத்தது தன்பாட்டில வருது. ஏழோட நிப்பாட்டின பழைய காலத்து ஆவி எவ்வளவோ மேல்.

இதுக்குள்ள ஒரு கசப்பான விசயம் இரிக்கி. அத மட்டும் சிரிக்காமச் சொல்றன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில வெடிச்ச குண்டில, அண்டைக்கு ஞாயிறு பாடத்துக்கு வந்த சின்னஞ்சிறுசுகளும் போயிட்டுதுகள். 26ஆம் திகதி ராவு, நம்மட சாய்ந்தமருதில ஒரு வீட்டுக்குள்ள, அந்தக் குண்டு வெச்ச கூட்டத்து ஆக்கள் பொண்டாட்டி புள்ளைகளையும் வெச்சுக்கொண்டு வெடிக்க வெச்சானுகள். அவனுகளும் மனசக் காத்தவனுகள்தான் தம்பி. பாட்டு வேணாம், கந்தூரி வேணாம், ஓதித் தந்த பழைய ஆலிம் வேணாம், பக்கத்து வீட்டுக்காரன் வேணாம் எண்டு ஒவ்வொண்டா வெளிய தள்ளி, "இது சரியாடா?" எண்டு கேக்க ஒரு ஆள் இல்லாத வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தானுகள். அந்த வீட்டுப் பக்கம் சந்தேகப்பட்டுப் பொலிசுக்குத் தகவல் குடுத்தது ஊர்ச் சனம். ஒன்னையும் என்ட பேரனையும் அந்தக் கணக்கில நான் சேர்க்கல்ல. நீங்க திருப்பினது சோத்தையும் வட்டிலப்பத்தையும். ஆனா கதவு மூடுற சத்தம் கேட்டா இந்தக் கரைக் கிழவன்மாருக்கு இப்ப நித்திரை முழிச்சிடும்.

சரி, நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் பேர் குடுத்த மெதடிஸ்த மூத்தவர் வெஸ்லிக்கு வருவம். நீ போற சபையில வெஸ்லி எண்டா பழைய சாமான் எண்டு நினைக்கிறாங்க போல. அவர்ட ஆக்கள் இந்தப் பக்கம் கப்பலேறினது லேசான கதை இல்ல. கூட்டி வந்த தோமஸ் கோக் 1814இல நடுக்கடலிலயே மௌத்தாகியிட்டார். மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த வில்லியம் ஓல்ட் அடுத்த வருசமே மௌத்து. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டு வந்த சரக்கு என்ன எண்டாவது பிரிச்சுப் பாக்க வேணாமா?

போன மாசம் கன்வென்ஷன் கூட்டத்தில ஒன்ட மனசு புதுசாகினதா திகதியும் நேரமும் போட்டு எழுதியிருந்தாய். வெஸ்லிக்கும் திகதி இரிக்கி: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில ஒரு கூட்டம், ராவு எட்டேமுக்கால் மணி மட்டில நெஞ்சு இதமாச் சூடாகினதா அவரே நாட்குறிப்பில எழுதினார். உலகமெல்லாம் மெதடிஸ்த ஆக்கள் அந்த நாளக் கொண்டாடுறாங்க. 1739 ஜனவரியில அதே மனிசன் அதே நாட்குறிப்பில, நான் இப்ப கிறிஸ்தவன் இல்ல எண்டு எழுதி வெச்சிருக்கார். ஒரு வருசம் கூட ஆகல்ல! அதுக்குப் புறகு 1791 வரைக்கும் இருந்து, குதிரையில ஊர் ஊராத் திரிஞ்சு, அந்த மனசத் தட்டித் தட்டித்தான் பாத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் வாங்கினவனுக்கும் முதல் சேர்விஸ், ரெண்டாம் சேர்விஸ் எண்டு புத்தகம் குடுக்கிறாங்க. நீ மனசுக்கு ஷோரூம் போட்டோ எடுத்ததோட நிக்கிறாய்.

மோட்டார் சைக்கிள் எண்டதும் கடன் ஞாபகம் வருது, கடன் எண்டதும் ஒரு கதை. 1742இல பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்த ஆக்களுக்குக் கட்டிடக் கடன். எப்படிக் கட்டுறது எண்டு கூடிப் பேசக்குள்ள, ஃபோய் எண்ட கப்பல் கப்டன் ஒருத்தர் எழும்பி, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி போடுவம் எண்டார். ஏழைக்கு அதுவும் இல்லையே எண்டு ஒருத்தர் சொல்ல, ஆகப் பஞ்சப்பட்ட பதினொரு பேர என்ட பேரில போடுங்க, அவங்களால ஏலாட்டி நான் கட்டுறன், கிழமைக்கு ஒருக்கா நானே போய்ப் பாக்கிறன் எண்டார். மற்றவங்களும் அப்படியே ஆள் பிரிச்சு எடுத்தாங்க. பென்னி வாங்கக் கதவத் தட்டினா என்ன தெரியுமா? ஒரு வீட்டில மனிசன் பொண்டாட்டியோட சண்டை. இன்னொருத்தன் குடிச்சுப்போட்டு இரிக்கான். வெஸ்லி இதக் கேட்டதும் புடிச்சுக்கொண்டார்: இவ்வளவு நாளாத் தேடினது இதத்தானே எண்டு. காசு வசூலிக்கப் போன ஆள், கிழமைக்குக் கிழமை மனசு எப்படி எண்டு விசாரிக்கிற ஆளாயிட்டார். மெதடிஸ்த 'வகுப்பு' எண்டது அப்படி வந்ததுதான். பிரசங்கத்தால ஏலாமப் போனதக் கடன் வசூல் செஞ்சு முடிச்சுது.

இப்ப சொல்லு தம்பி, நீ விட்டுப் போன குறூப் என்ன குறூப்? சீட்டுக் குறூப். ஒன்ட முறைக்குக் காசு எடுத்து, மோட்டார் சைக்கிளும் வாங்கி, இன்னும் தவணை கிடக்கக்குள்ளதான் ஒனக்கு இருதயத்தக் காக்கிற ஞாபகம் வந்திரிக்கி. இருதயத்தோட சேர்ந்து தவணைக் காசும் பத்திரமாக் காக்கப்பட்டிட்டு. ஃபோய் கப்டன் மாதிரி நான் ஒன்ட பங்கக் கட்டிப்போட்டன். அவர் கேக்காம விட்டிருப்பார். நான் மருதமுனைக்காரன்.

எங்கட பக்கத்து ஆள் ஒருத்தரையும் சொல்லிப்போடுறன், இல்லாட்டிப் பேரன் கோவிப்பான். இமாம் கஸ்ஸாலி பக்தாதில பெரிய உத்தியோகத்தில இருந்தவர். 1095இல அத உதறிப்போட்டுப் போய், புறகு எழுதினது இஹ்யா எண்ட புத்தகம். அதில மனசுக்கு அவர் சொன்ன வழி கல்முனை பஸாரில கடை வெச்சிருக்கிறவனுக்கு உடனே விளங்கும். வெள்ளாப்பில ஒன்ட நப்ஸோட, அதான் ஆசை மனசோட, பங்காளியோட பேசுற மாதிரி ஒப்பந்தம் பேசு; பகல் முழுக்க அதில கண் வை; ராவைக்கு லாப நட்டம் பார். பங்காளி ஒன்ட கூட்டாளிதான், ஆனா கணக்கில கள்ளன் எண்டு நினைச்சே பார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிய நடத்தின யேசு சபைப் பாதர்மார்ட மூத்தவர் இஞ்ஞாசியார் இன்னும் ஒரு படி மேல. பகலுக்கு ஒருக்கா, ராவுக்கு ஒருக்கா நினைச்சுப் பாத்து, விழுந்த தரத்துக்கெல்லாம் கோட்டில ஒரு புள்ளி போடச் சொன்னார். இண்டைக்குப் புள்ளி நேத்தைய விடக் குறைஞ்சதா எண்டு பாக்கிறது. முதலாளியும் பட்டாளக்காரனும் செய்யுற மாதிரி வேலை. (இஞ்ஞாசியார் பட்டாளத்தில காலுடைஞ்சு படுத்த படுக்கையிலதான் மனம் மாறினவர். கால் உடையாம மாறினா நல்லது.)

ஆனா இந்த ராக்கணக்கில எனக்கு ஒரு சந்தேகம். கணக்கு எழுதுறவனும் கள்ளனும் ஒரே ஆளா இருந்தா? என்ட தொழில்ல நான் கண்டது இது. மருதமுனையில ஒரு காலத்தில தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். 1977இல திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டுத் துணி வந்து, சத்தம் குறைஞ்சிட்டு. என்ட கொட்டிலில இன்னும் தறி ஓடுது. பாவு நூல் ஒண்டு அறுந்தா துணி உடனே கெடாது, அதுதான் வில்லங்கம். நாடா ஓடும், துணி வளரும், கூடவே ஒரு மெல்லிய கோடும் வளரும். நெய்யுறவன்ட கண் நாடாவில, அவனுக்குத் தெரியாது. தேத்தண்ணி கொண்டு வாற பொடியன் எட்டப் பாத்து, "காக்கா, கோடு விழுது" எண்டுவான். அவனுக்கு நெசவு தெரியாது, கண் இரிக்கி. நிப்பாட்டி, அறுந்த நூலத் தேடி முடிச்சுப் போட்டு மறுகா ஓட்டினா ஒரு விரக்கடையோட நட்டம் தீர்ந்திட்டு. "நீயாடா எனக்கு நெசவு படிப்பிக்கிறாய்" எண்டு ரோசத்தில ஓட்டினா சாறன் முழுக்கக் கோடு. சந்தையில அத அரைவிலைக்கும் யோசிச்சுத்தான் எடுப்பானுகள்.

ஒனக்கு இப்ப தேத்தண்ணிப் பொடியன் இல்ல. எல்லாரையும் வெளிய அனுப்பியாச்சு. மிச்சம் இரிக்கிறவங்க ஒன்ட சபை ஆக்கள். நீ என்ன போட்டாலும் கையெடுத்துக் கும்புட்டு 'ஆமென்' போடுறாங்க. என்ட பேரனுக்கு 'மாஷா அல்லாஹ்' போடுறாங்க. கோடு விழுது எண்டு போடுற ஆள் ஒருத்தனக் காட்டு பாப்பம்.

பவுல் பிலிப்பி ஊர் ஆக்களுக்கு நல்லதில நினைப்ப வையுங்க எண்டு எழுதினது எங்க இருந்து? விலங்கோட, காவலில இருந்து. பக்கத்தில எப்பவும் ரோம பட்டாளம். கூட இரிக்கிற ஆளத் தெரிவு செய்யுற வசதி அவருக்கு இல்ல. புடிக்காத குறூப்ப விட்டுப் போற பட்டனும் இல்ல. அப்படியிருந்தும் மனிசன் அரண்மனைக் காவல்காரனுகளோட கதைச்சுக்கொண்டுதான் இருந்திரிக்கோணும்; தான் ஏன் விலங்கில இரிக்கன் எண்டது அரண்மனைக் காவல் முழுக்கத் தெரியும் எண்டு அந்தக் கடிதத்திலயே எழுதியிருக்கார்.

அதால இப்படிச் செய்வம். வியாழக்கிழமை மஃரிபுக்குப் புறகு தறிக் கொட்டிலுக்கு வா. பேரனும் வருவான், வராட்டி அவன்ட வைஃபை பாஸ்வேட் மாறும். நீ அவனக் கேள், அவன் ஒன்னக் கேக்கட்டும். வேதத்தப் பத்தி இல்ல, அது தொடங்கினா ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லியும் முடியாது. இந்தக் கிழமை வீட்டில யாரோட சத்தம் போட்டாய்? யார்ட காசு ஒன்ட கையில கிடக்கு? ராவு ரெண்டு மணிக்கு என்ன பாத்தாய்? யாரக் கண்டு மற்ற ரோட்டால போனாய்? அவ்வளவுதான். பொய் சொன்னா மற்றவன் அந்த இடத்திலயே சொல்லோணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் கள்ளன்கள், அதால சுறுக்காப் புடிபடும். ஆளுக்கு நூறு ரூபா மேசையில வை, பென்னிக்குப் பதிலா. அத ஒன்ட சீட்டுத் தவணையில கழிக்கிறன்.

சாப்பாட்டுக்குப் பயப்புடாத. மனிசி இடியப்பம் அவிப்பா, ஆணமும் இரிக்கும். யாருக்கும் படைக்காம, ஒருத்தரும் ஓதாம, நேராச் சட்டியிலிருந்து வாங்கில வெச்சுத் தருவா. வேணுமெண்டா நீ முதல்ல ஜெபம் பண்ணு, அவன் பிஸ்மி சொல்லட்டும், நான் அதுக்குள்ள தொடங்கிடுவன்.

என்னையும் நீங்க ரெண்டு பேரும் கேக்கலாம். சீனிய மட்டும் விட்டிடுங்க. அது எனக்கும் டொக்டருக்கும் இடையில உள்ள விசயம், அவருக்கே நான் இன்னும் சரியாச் சொல்லல்ல.